ஒன்பது பூச்சியங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன், அதிலும் இரண்டு பாடம் தவறியது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பலாபத்வலையில் நான் வேலை செய்யும் கராம்பு ஸ்டோரில் மூட்டைகளுக்கு ஒட்டும் சீட்டுகள்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னால் நான் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன்.

எங்கள் குழந்தைகள் கிளினிக்கில், புதிதாக வரும் பெற்றோருக்குக் கொடுக்க ஒரு சிறிய புத்தகம் சேர்க்கிறார்கள். வருடக்கணக்கில் நீடிக்கும் நோயோடு ஒரு பிள்ளையை வீட்டில் வைத்து எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்று ஒவ்வொருவரும் சில பக்கம் எழுத வேண்டும். எங்கள் தாதி மிஸ் என்னையும் கேட்டார். எனக்கு வராது என்றேன். மிஸ் சிங்களவர், ஆனால் எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார்.

"நல்லாச் செஞ்ச ஆக்கள் எழுதினது நிறைய வந்திருக்கு. பிழை விட்ட ஆக்கள் ஒருத்தரும் எழுதல்ல. நீங்க எழுதுங்க" என்றார்.

அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியின் பெயரையும் டொக்டர்களின் பெயரையும் எழுதவில்லை. அவர்கள் எங்களுக்கு நல்லதுதான் செய்தார்கள்.

என் மகள் தர்ஷிக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஒருநாள் காலையில் கண் இரண்டும் வீங்கி எழும்பினாள். பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்தேன். பகலில் வீக்கம் வடிந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. ஒரு கிழமையில் கால் வீங்கியது, பிறகு வயிறு. கவுனின் பின் பொத்தான் பூட்ட முடியவில்லை. பக்கத்து மருந்தகத்தில் அலர்ஜிக்குப் பாணி மருந்து கொடுத்தார்கள். அதைக் குடித்துக்கொண்டே வீங்கினாள். அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

காத்திருக்கும் இடத்தில் உட்கார நீளமான வாங்குகள். கையில் ஒரு நம்பர் துண்டு. எல்லாப் பிள்ளைகளும் அம்மா மடியில் இருந்தார்கள். தர்ஷி என் மடியில் இருந்தாள். அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது என் மனைவி இறந்துவிட்டாள். அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள், என்ன நோய், எத்தனை நாள், என்ன சாப்பாடு என்று. நான் ஆம்பளை என்பதால் என்னோடு யாரும் பேச்சைத் தொடங்கவில்லை. நானும் தொடங்குகிற ஆள் இல்லை. அன்று காலை எட்டு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை நான் பேசியது "இந்தாம்மா பிஸ்கட்" என்ற ஒரு வசனம்தான்.

சிறுநீர் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் குளிர்ந்த பசை போல ஒன்றைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். நோயின் பெயர் நெப்ரோட்டிக் சின்ட்ரோம். பெரிய டொக்டர் ஒரு பெண்மணி. எல்லாரும் மெடம் என்றுதான் சொல்வோம். அவர் ஒரு தாளில் சிறுநீரகத்தை வரைந்து சிங்களத்தில் விளக்கினார்.

"இது ஒரு சல்லடை. இரத்தத்தில இருக்கிற கழிவு மட்டும் கீழ விழணும். மகளுக்கு ஓட்டை பெரிசாகிட்டுது. உடம்புக்கு வேண்டிய புரதமும் சேர்ந்து விழுது. அதனாலதான் உடம்பெல்லாம் தண்ணி தேங்குது."

இது எனக்கு உடனே விளங்கியது. ஸ்டோரில் நான் தினமும் மிளகு சலிக்கிறேன். சல்லடைக் கம்பி விலகிவிட்டால் தூசியோடு நல்ல மிளகும் கீழே போய்விடும். மெடமிடம் அதைச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மாத்திரை கொடுத்தால் சல்லடை சரியாகும், ஆனால் திரும்பத் திரும்ப விலகும், வளர வளரக் குறையலாம், சில பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் போகும் என்றார்கள். அந்த மாத்திரை முகத்தை உருண்டையாக்கும், பசியைக் கூட்டும். உப்பைக் குறைக்க வேண்டும். சளி பிடித்தால் கவனம்.

பிள்ளைகள் வார்டில் இரவு தாய்மார் மட்டும்தான் நிற்கலாம். இல்லாவிட்டால் வேறு பெண் உறவினர் யாராவது. அந்த விதி சரியானதுதான். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்கள் வரிசையாகப் படுத்திருக்கும் இடத்தில் ஒரு ஆம்பளை எப்படி இருப்பது? முதல் தடவை என் தங்கச்சி தோட்டத்திலிருந்து வந்து ஐந்து நாள் நின்றாள். அவளுக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை, வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அதற்கு மேல் அவளைக் கேட்க முடியாது.

ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதுகிறவர்கள் இரவுகளைப் பற்றி நிறைய எழுதுவார்கள். எனக்கு இரவுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பின்னேரம் ஐந்து மணிக்கு மணி அடிப்பார்கள். நான் வெளியே வந்துவிடுவேன். அவளுடைய இரவு எப்படிப் போனது என்பதை மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளும் முழுதாகச் சொல்ல மாட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மிஸ் ஒரு கண்ணாடிக் குழாய் கொடுத்தார். தினமும் காலையில் எழுந்தவுடன் போகும் முதல் சிறுநீரில் கொஞ்சம் அதில் ஊற்றி, விளக்கில் காட்டி மேல்பக்கத்தைக் கொதிக்க வைக்க வேண்டும். புரதம் இருந்தால் முட்டை வெள்ளைக்கரு அவிகிற மாதிரி வெள்ளையாகும். தெளிவாக இருந்தால் பூச்சியம். கலங்கினால் ஒன்று, நன்றாக வெளுத்தால் இரண்டு, திரிந்த பால் போலக் கட்டியானால் மூன்று. கொப்பியில் தேதியும் இலக்கமும் எழுத வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து மூன்று வந்தால் வரிசையில் நிற்காமல் நேரே வார்டுக்கு வந்துவிட வேண்டும். தாமதித்தால் தொற்று வரும், இரத்தம் உறையலாம் என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் குழாயை உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் பிடித்துக்கொள்வேன். கொதித்த பிறகு, சுவரில் இருக்கும் நாள்காட்டிக்கு முன்னால் குழாயைப் பிடித்து, அன்றைய தேதியை அதன் வழியாகப் பார்ப்பேன். தேதி தெளிவாகத் தெரிந்தால் பூச்சியம். மங்கினால் ஒன்று. மறைந்தால் இரண்டு. இது நானாகக் கண்டுபிடித்தது. இதை மட்டும் தயங்கித் தயங்கி மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் மற்றப் பெற்றோருக்கும் சொல்லிக் கொடுத்தார். என் கொப்பியில் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து, இப்படித்தான் எழுத வேண்டும் என்று கிளினிக் சுவரில் ஒட்டினார். கோடு போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்தில்கூட என் கொப்பியை யாரும் சுவரில் ஒட்டியதில்லை. கிளினிக் போகும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாமல் பார்ப்பேன்.

தர்ஷிக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"அப்பா, இன்னைக்கு என்னா?"

"பூச்சியம்."

"ஐ, முட்டை! ஸ்கூல்ல முட்டை வாங்கினா ஏசுறாங்க. இங்க முட்டை வாங்கினாத்தான் அப்பா சிரிக்கிறாரு."

மாத்திரையால் முகம் உருண்டபோது வகுப்பில் பூசணி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் அழவில்லை. "நான் பூசணின்னா நீ பூசணி வெதை, என் வயித்துக்குள்ளதான் இருப்பே" என்று திருப்பிச் சொன்னாளாம். எனக்கு அந்த மாதிரி வாய் கிடையாது. அவள் அம்மாவுக்கு இருந்தது.

ஏழு வயதில் நோய் திரும்பி வந்தது. அந்தத் தடவை யாரும் துணைக்கு வர முடியவில்லை. எட்டு நாள் அவள் வார்டில் தனியாக இருந்தாள். மிஸ்மாரும் பக்கத்துக் கட்டில் தாய்மாரும் பார்த்துக்கொண்டார்கள். நான் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரையும், பிறகு நாலிலிருந்து ஐந்து வரையும் உள்ளே இருப்பேன். இடையில் வெளியே வேப்பமரத்தின் கீழ் இருப்பேன். ஐந்து மணி மணியடிக்கும்போது அவள் என் சட்டைப்பையில் இரண்டு விரலை விட்டுப் பிடித்துக்கொள்வாள். அழ மாட்டாள், போகாதே என்றும் சொல்ல மாட்டாள். நான் விரலை மெதுவாக எடுத்துவிட்டு வருவேன். எட்டு நாளும் அப்படித்தான். பலாபத்வலை பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. வானொலியைப் போடுவேன், பிறகு நிறுத்திவிடுவேன்.

இனி நான் விட்ட பிழைக்கு வருகிறேன்.

எட்டு வயதானதும் அவள், "நான் பெரிய புள்ள, நானே கொண்டாறேன்" என்று சொல்லி, காலையில் கப்பைத் தானே எடுத்துக்கொண்டு கக்கூசுக்குப் போய்க் கொண்டுவந்து கொடுப்பாள். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. பெண் பிள்ளை, நான் வாசல் வரை போவதுகூடச் சரியில்லை என்று நினைத்தேன்.

அந்த வருடம் மழை தொடங்கியபோது அவளுக்குச் சளி பிடித்தது. நாலாம் நாள் குழாயில் மூன்று வந்தது. கொப்பியில் எழுதினேன். "இன்னும் ரெண்டு நாள் பாப்போம். அப்பவும் மூணுன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். அவள் தலை பின்னச் சீப்பை நீட்டினாள்.

மறுநாள் பூச்சியம். அதற்கடுத்த நாளும் பூச்சியம். நான் சாமிப்படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். கொப்பியில் பெரிய வட்டமாகப் போட்டேன்.

ஒன்பது நாள் பூச்சியம் போட்டேன். அந்த ஒன்பது நாளும் காலையில் அவள் கண் வீங்கித்தான் இருந்தது. மாத்திரையால் ஊதின முகம் என்று நினைத்தேன். சொக்ஸ் கழற்றும்போது காலில் பள்ளம் விழுந்தது. புது சொக்ஸ் இறுக்கம் என்று நினைத்தேன். கொப்பியில் பூச்சியம் இருக்கும்போது வேறு எதை நினைப்பது? பிள்ளையைப் பார்த்தபின் கொப்பியைப் பார்க்கவில்லை. கொப்பியைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் பார்த்தேன்.

பத்தாம் நாள் காய்ச்சலோடு எழும்பினாள். வயிறு பெரிதாகி, நடக்க முடியாமல் வலிக்கிறது என்றாள். அன்று குழாயைக்கூடப் பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வார்டில் உடனே எடுத்துக்கொண்டார்கள். வயிற்றில் தேங்கிய நீரில் தொற்று. நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். சிறுநீர் பார்த்தார்கள், மூன்றுக்கு மேல். மெடம் என் கொப்பியைக் கேட்டார். பக்கங்களைத் திருப்பினார். நேற்று வரை பூச்சியம்.

அதன் பிறகு அவர் என்னிடம் பேசிய விதம் மாறியது. அன்பாகப் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இது கவனமா எழுதின கொப்பி. இதை நான் நம்புறேன். நேத்து வரைக்கும் ஒன்றும் இல்லாம, மாத்திரையும் குடிச்சுக்கொண்டு இருக்கும்போது, ஒரே நாள்ல இவ்வளவு வாறது சாதாரணமா நடக்கிறதில்லை. வேற வகையா இருக்கலாம். கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, முதுகுப் பக்கத்தால ஊசி போட்டு சிறுநீரகத்தில ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லணும். காய்ச்சல் குறைஞ்சா வியாழக்கிழமை அம்புலன்ஸில போகலாம்."

அன்று திங்கட்கிழமை. நான் "சரி மெடம்" என்றேன். எந்தத் துண்டு, எவ்வளவு பெரிது, வலிக்குமா, பிறகு என்ன, ஒன்றும் கேட்கவில்லை. கேள்விகளெல்லாம் வேப்பமரத்தின் கீழ் வந்து உட்கார்ந்த பிறகுதான் வந்தன. அவளுடைய முதுகை நினைத்துக்கொண்டே இருந்தேன். அது சின்ன முதுகு. அதில் எங்கே ஊசி போடுவார்கள்?

அந்தத் தடவை பக்கத்துக் கட்டிலில் கலேவெலயிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். அவர்கள் அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய மகனுக்குத் தலசீமியா, அதாவது உடம்பு போதுமான இரத்தத்தைத் தானாக உண்டாக்காது. மாதம் ஒரு தடவை வந்து இரத்தம் ஏற்றிக்கொண்டு போவார்கள். இந்தத் தடவை மகனுக்கு வேறு ஒரு சோதனைக்காக ஒரு கிழமை நிற்க வேண்டியிருந்தது. வார்டைத் தன் வீடு மாதிரி அறிந்தவர். எந்தக் குழாயில் சுடுதண்ணி வரும், எந்த மிஸ் கோபக்காரி, எல்லாம் தெரியும். தர்ஷிக்குத் தலை வாரிவிட்டார், சோற்றைப் பிசைந்து ஊட்டினார். நான் நன்றி சொல்லத் தொடங்கினால், "வாயால சொல்ல வாணாம் அண்ணன், நாளைக்கு வரக்குள்ள ஒரு சீப்பு வாழப்பழம் கொண்டு வாங்க" என்பார்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு நான் உள்ளே போனபோது தர்ஷி தூங்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. ராத்தா என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார்.

"அண்ணன், ஒன்டு சொல்றேன், புள்ளக்கி அடிக்க மாட்டேன்டு சொல்லுங்க."

"நான் அடிச்சதே இல்லீங்க."

"நாளைக்கிக் கண்டிக்குப் போற கதைய மிஸ்மாரு கதச்சத புள்ள கேட்டுட்டா. ராவெல்லாம் தூங்கல்ல. என்னடி மகள்டு கேட்டேன். ஒங்களுக்கு அவ குடுத்தது மூத்திரம் இல்லயாம்."

எனக்கு விளங்கவில்லை.

"தேத்தண்ணி. கப்புல பைப்புத் தண்ணி புடிச்சி, நீங்க குடிச்சிட்டு வெச்ச பால் போடாத ப்ளேன்டில கொஞ்சம் ஊத்திக் குடுத்தீக்கிறா. ஒம்பது நாள். ஒங்களுக்கு அந்த மணம் கூடயா வெளங்கல்ல?"

விளங்கவில்லை. பதினெட்டு வருடமாகக் கராம்பிலும் மிளகிலும் சாதிக்காயிலும் கிடக்கிற மூக்கு இது. வீட்டில் பால் கெட்டால் தர்ஷிதான் மணந்து பார்த்துச் சொல்வாள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்திருக்கிறாள். விளக்கில் கொதித்த தேத்தண்ணியை நாள்காட்டிக்கு முன்னால் பிடித்துத் தேதியைப் படித்திருக்கிறேன். ஒன்பது நாளும் தேதி தெளிவாகத் தெரிந்தது.

"ஏன் இப்பிடிச் செஞ்சாளாம்?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அஞ்சு மணிக்கி வாப்பா போயிருவாராம்" என்றார் ராத்தா. பிறகு மகனுடைய கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு மணி நேரமும் நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். அவள் விழித்து என்னைப் பார்த்தாள். ராத்தாவைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டாள்.

"அப்பா கோவமா?"

"இல்ல."

"அப்ப ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

"நான் எப்பவுமே பேச மாட்டேன்தானே."

அதற்கு அவள் கொஞ்சம் சிரித்தாள். மணியடித்தது, வெளியே வந்தேன்.

வேப்பமரத்தின் கீழ் எனக்கு வந்த நினைப்புகளை மறைக்காமல் எழுதுகிறேன். மெடம் அந்தக் கொப்பியை நம்பித்தான் கண்டிக்கு எழுதியிருக்கிறார். கொப்பி பொய் என்றால் கண்டியும் தேவையில்லாமல் இருக்கலாம். இது எனக்கு உடனே விளங்கியது. ஆனாலும் எழுந்து போக முடியவில்லை. எப்படிச் சொல்வது? என் சிங்களம் ஸ்டோருக்கும் பஸ்ஸுக்கும்தான் போதும். சுவரில் ஒட்டிய கொப்பிக்காரன், எட்டு வயதுப் பிள்ளை தந்த தேத்தண்ணியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தான் என்றால் என்ன நினைப்பார்கள்? தாய் இல்லாத பிள்ளையை இவனால் பார்க்க முடியாது, வேறு எங்காவது விடுங்கள் என்று சொல்லிவிட்டால்? கண்டிக்குப் போனால் போகட்டும், பெரிய ஆஸ்பத்திரிதானே, எப்படியும் கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்றும் ஒரு தடவை நினைத்தேன். அப்படி நினைத்தது உண்மை. பின்னேரம் நாலு மணிக்கு உள்ளே போனேன், ஐந்து மணிக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் என் சட்டைப்பையைப் பிடிக்கவில்லை. பிடிக்கிற உரிமை போய்விட்டது என்று நினைத்தாளோ என்னவோ, கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான், நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வந்தேன். காலையில் டொக்டர்மார் கட்டில் கட்டிலாகப் பார்க்கும் நேரத்தில் வெளியாட்கள் உள்ளே போக முடியாது. கம்பிக் கதவில் இருந்த ஆள், "பன்னண்டு மணிக்கு வாங்க" என்றார். வழக்கமாக நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். அன்று கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடி சொன்னார். நான் நகரவில்லை. கடைசியில் எங்கள் மிஸ் அந்தப் பக்கம் வந்தார்.

"என்ன இது, நீங்களா?"

"மிஸ், கொப்பி பொய்" என்றேன்.

என்னிடம் இருந்தது அந்த இரண்டு வார்த்தைதான். மிஸ் என் முகத்தைப் பார்த்தார். கதவைத் திறக்கச் சொன்னார். மெடமும் நாலைந்து இளம் டொக்டர்களும் தர்ஷியின் கட்டிலுக்கு வந்திருந்தார்கள். எல்லாரும் திரும்பினார்கள். சிங்களத்தில் சொன்னேன். எந்த வார்த்தையை எங்கே போட்டேன் என்று எனக்கே தெரியாது. ஒன்பது நாள், தேத்தண்ணி, பிள்ளைமேல் பிழை இல்லை, நான் பார்க்கவில்லை, என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஒரு இளம் டொக்டருக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். மெடம் சிரிக்கவில்லை. கொப்பியைத் திறந்து அந்த ஒன்பது வட்டங்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தர்ஷியைக் கேட்டார். மிஸ் தமிழில் சொன்னார்.

"மகள் தேத்தண்ணி ஊத்தினதா?"

தர்ஷி தலையை ஆட்டினாள்.

"சீனி போட்டதா, போடாததா?"

"போடாதது. சீனி போட்டா எறும்பு வரும்."

இப்போது மெடமும் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார், "ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "மூணு வந்தா ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரின்னா அப்பாவ வெளிய போடுவாங்க. வீட்டுல அப்பா தனியா இருந்தா சாப்பிட மாட்டாரு."

தான் தனியாகக் கிடப்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ராத்தா அந்தப் பக்கம் நின்று தன் மகனுடைய போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே மடித்திருந்த போர்வை.

மெடம் கண்டிப் பயணத்தை நிறுத்தினார். பத்து நாளுக்கு மேலாகக் கவனிக்காமல் விட்ட பழைய நோய்தான் இது போலத் தெரிகிறது, மாத்திரையைக் கூட்டிப் பார்ப்போம், கேட்காவிட்டால் கண்டியை யோசிப்போம் என்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சிவப்புப் பேனாவால் ஒன்பது வட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, சிங்களத்தில் "தேநீர்" என்று எழுதிக் கொப்பியை மிஸ்ஸிடம் கொடுத்தார்.

மிஸ் என்னைத் தனியாகக் கேட்டார். "அப்ப சுவர்ல ஒட்டின பக்கம்? அது உண்மையா?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் கேவலமாக இருந்தது. என் கையால் எழுதிய பக்கம், அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலிலிருந்து தர்ஷி கத்தினாள்.

"அதெல்லாம் உண்ம மிஸ்! ஒம்பதுதான் பொய்!"

மாத்திரை கேட்டது. பன்னிரண்டாம் நாள் குழாய் தெளிந்தது. வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு சில விஷயங்கள் மாறின. இரவு வார்டில் ஆம்பளை நிற்க முடியாது என்பது மாறவில்லை, அது மாறவும் முடியாது. ஆனால் அவள் அங்கே இருக்கும் நாட்களில் இரவு ஏழு மணிக்கு நான் வார்டுக்கு ஃபோன் எடுக்கலாம், மிஸ்மார் அவளிடம் கொடுப்பார்கள். இரண்டு நிமிடம். நான் என்ன சாப்பிட்டேன் என்று அவள் கேட்பாள், நான் சொல்ல வேண்டும். மிஸ் இன்னொன்றும் செய்தார். அடுத்த கிளினிக்கில் குழாயை என் கையில் கொடுக்கவில்லை, தர்ஷியின் கையில் கொடுத்தார். "நோய் உங்கடது. கொப்பியும் உங்கடது. அப்பாவுக்கு வெளக்குப் பிடிக்கிற வேலை மட்டும்" என்றார். மூன்று என்றால் என்ன, ஏன் உடனே வர வேண்டும், வராவிட்டால் வயிற்றில் என்ன நடக்கும் என்று அவளிடமே விளக்கினார். இதுவரை எல்லாரும் அதை என்னிடம்தான் சொன்னார்கள். அவளை முன்னால் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்கள். அவளிடம் யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

இப்போது கொப்பியில் எழுத்து கோணலாக இருக்கிறது. அடித்தல் திருத்தல் உண்டு. சுவரில் ஒட்ட முடியாது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? பிள்ளைக்கு என்ன நோய் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். அந்த நோயில் பிள்ளைக்கு எது பயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அவள் என்னைப் போல ஊமை இல்லை. நான் கூச்சப்படுகிற ஆள் என்பதால் என் பிள்ளையிடமும் கூச்சப்பட்டுவிட்டேன். உங்களுக்கும் அப்படி இருந்தால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இதை எழுதத் தொடங்கி மூன்று கிழமையாகிறது. ஸ்டோர் விட்டு வந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். இந்தக் கிழமை அவளுக்கு மறுபடி சளி. நேற்றுக் காலையில் அவளே கப்பைக் கொண்டுவந்து, கிளிப்பால் குழாயைப் பிடித்து, நான் பிடித்த விளக்கில் காட்டினாள். கட்டி கட்டியாக வெளுத்தது. மூன்று என்று எழுதினாள். இன்று காலையும் மூன்று. எழுதிவிட்டுப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"நாளைக்கும் மூணு வந்தா போகணும்ல?"

"ஆமா."

"ராத்தா இருப்பாங்களா?"

"தெரியலியே. அவங்க மாசக் கடைசியிலதான் வருவாங்க."

பிறகு அடுப்படியில் என் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

"அப்ப நீங்க பருப்பும் சோறும் ஆக்கிச் சாப்பிடணும். கடையில வாங்கின பாண் மட்டும் தின்னுட்டு ஃபோன்ல பொய் சொல்லக் கூடாது."

சரி என்றேன். இதை மிஸ்ஸிடம் கொடுக்க மடித்து வைக்கிறேன்.

மடித்து வைத்ததைப் பிரித்து இதையும் சேர்த்து எழுதுகிறேன். மறுநாள் காலையும் மூன்று. அவள் எழுதினாள். முதல் பஸ்ஸில் போனோம், வரிசையில் நிற்காமல் நேரே வார்டுக்குப் போனோம். ராத்தா வந்திருக்கவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு மணியடித்தார்கள், நான் வெளியே வந்தேன்.